குதிகாலில் தெரிந்த எலும்பு முள்தான் வலிக்குக் காரணமா?

ஆறு மாதமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் உயிர் போகிற வலி. எக்ஸ்ரே எடுத்ததில் குதிகால் எலும்பின் அடியில் முள் போல ஒரு நீட்டம். கூடவே எடுத்த முழங்கால் படத்திலும் மூட்டின் ஓரங்களில் எலும்பு வளர்ந்திருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது ஏன் வளர்கிறது, மருந்தால் கரையுமா, வெட்டி எடுக்க வேண்டுமா, கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், நடக்க நடக்க அது சதைக்குள் குத்திக்கொண்டே போகுமோ என்று பயந்து நடையையே குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற நான்கையும் கேட்க வைத்தது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது குத்தாது.

எக்ஸ்ரேயில் நீங்கள் பார்த்தது பாதத்தைப் பக்கவாட்டில் எடுத்த நிழல். ஒரு அலமாரிப் பலகையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மெல்லிய குச்சி போலத்தானே தெரியும்? குதிகால் முள்ளும் அப்படித்தான். பெரும்பாலும் அது அகலமான ஒரு விளிம்பு. படத்தில் கூர்மையான கொக்கியாகத் தெரிகிறது. அதன் முனை தரையைப் பார்த்து நிற்பதில்லை, விரல்களை நோக்கிப் படுத்திருக்கிறது. அதற்கும் தரைக்கும் நடுவே கெட்டியான கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. "முள்" என்ற சொல்லே பாதித் தீங்கைச் செய்துவிடுகிறது. அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து நடையை மாற்றிக்கொண்டு, முன்பாதத்திலேயே நடந்து, கெண்டைக்காலும் இடுப்பும் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். அறுவை சிகிச்சை செய்வதில்லை, ஊசி போடுவதில்லை. உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே உங்களுக்கு இன்னதுதான் என்று நான் முடிவு சொல்ல முடியாது. அது நேரில் பரிசோதிப்பவரின் வேலை. இந்த எலும்பு வளர்ச்சி என்ன, எங்கே அதை மதிக்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்பதைச் சொல்ல முடியும்.

படிக்கிற காலத்தில் உடற்கூறியல் வகுப்பில் இடுப்புப் பகுதி முள்ளெலும்பு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முள்ளெலும்பு என்பது முள் அல்ல, முதுகெலும்புத் தொடரின் ஒரு கண்ணி. வயதான ஒருவருடைய எலும்பு. அதன் உடல் பகுதியின் விளிம்பு, எரிந்த மெழுகுவர்த்தியில் மெழுகு வழிந்து உறைந்ததுபோல வெளிப்பக்கம் மடிந்து நின்றது. விரலை ஓட்டிப் பார்த்தேன். கூர்மையே இல்லை, உதடு போல வழவழப்பாக இருந்தது. எலும்பு முள் என்று யார் சொன்னாலும் இன்றும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த விளிம்புதான்.

இனி அது ஏன் வளர்கிறது என்ற கேள்வி. இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. முழங்காலில் இருப்பது மூட்டின் ஓரத்தில் வளர்வது. அங்கே எலும்பைப் போர்த்திய சவ்வும் மூட்டுக் குருத்தெலும்பும் சந்திக்கும் இடத்தில், இன்னும் எதுவாக மாறுவது என்று தீர்மானமாகாத செல்கள் இருக்கின்றன. மூட்டின் குருத்தெலும்பு பழுதடையும்போதோ மூட்டு ஆட்டம் கொடுக்கும்போதோ அந்தச் செல்களுக்கு வளர்ச்சிச் சமிக்ஞைகள் போகின்றன. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அவற்றில் முக்கியமானது. எலிகளின் முழங்கால் மூட்டுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது ஓரங்களில் எலும்பு வளர்ந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். முதலில் குருத்தெலும்பு உருவாகிறது, பிறகு அது எலும்பாகிறது. குழந்தையின் கை கால் எலும்புகள் நீள்வதும் இதே வழியில்தான். உடல் ஒரு பழைய வேலையை மறுபடி எடுத்துச் செய்கிறது என்றே சொல்ல வேண்டும்.

எதற்காகச் செய்கிறது? மூட்டின் பரப்பை அகலமாக்கி ஆட்டத்தைக் குறைக்க என்பது நெடுங்காலக் கருத்து. அதற்கு ஓரளவு நேரடிச் சான்றும் இருக்கிறது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையின்போது ஓர எலும்புகளை எடுப்பதற்கு முன்பும் பின்பும் மூட்டு பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள்; எடுத்த பிறகு ஆட்டம் கூடியது. ஆனால் எல்லா இடத்திலும் எல்லா எலும்பு வளர்ச்சியும் உடலின் பாதுகாப்பு ஏற்பாடுதான் என்று இதை இழுத்துச் சொல்வது சரியாகாது. அதே வளர்ச்சி முழங்காலை முழுதாக மடக்கவோ நீட்டவோ விடாமல் தடுப்பதும் உண்டு.

குதிகாலில் இருப்பது வேறு வகை. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ, எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநாரோ பிடித்துக்கொள்ளும் இடத்தில் வளர்வது. குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்கள் வரை பிளான்டார் ஃபேசியா என்ற கெட்டியான பட்டை ஓடுகிறது. அது இழுத்து இழுத்து எலும்பு நீண்டுவிடுகிறது என்றுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அது அவ்வளவு உறுதியாக இல்லை. பல பாதங்களில் முள் அந்தப் பட்டைக்குள் இல்லாமல், அதற்கு மேலே, விரல்களை மடக்கும் சிறு தசை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. முள்ளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வில், உள்ளிருக்கும் எலும்பு இழைகள் இழுவையின் திசையில் ஓடாமல் மேலும் கீழுமாக நின்றன. எடையைத் தாங்கும் எலும்பில்தான் இழைகள் அப்படி நிற்கும். அதனால் இழுவையைவிட அழுத்தமே காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது என் அனுமானம். அதை அனுமானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு அதிகம் வருகிறது என்பதில் குழப்பம் குறைவு. வயது, உடல் எடை, முன்பு பட்ட அடி, முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்தது அல்லது எடுக்கப்பட்டது, வம்சவழி. விரல் நுனி மூட்டுகளில் வரும் புடைப்புகள் குடும்பங்களில் தொடர்ந்து வருவது எல்லோரும் பார்த்ததுதான். அவற்றை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. 1802-ல், அவர் இறந்த மறு ஆண்டு வெளியான குறிப்புகளில், இவற்றில் வலி அரிது, வசதிக் குறைவைவிட அழகுக் குறைவுதான் அதிகம் என்று எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் சிலருக்கு நன்றாகவே வலிக்கும். ஆனாலும் எலும்புப் புடைப்பு இருந்தால் வலி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார்.

முதுகெலும்பில் ஒரு விநோதம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஃபாரெஸ்டியர் நோய் என்ற நிலையில் முள்ளெலும்புகளின் முன்புறம் எலும்பு வழிந்து ஒன்றோடொன்று பாலம் போட்டுக்கொள்ளும். நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்களிடம் இது அதிகம். மார்புப் பகுதியில் இது பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளரும். இடப்பக்கம் உடலின் மிகப் பெரிய இரத்தக் குழாயான மகாதமனி ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பதால் அங்கே எலும்பு படிவதில்லை என்று கருதுகிறார்கள். உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறிப் பிறந்தவர்களிடம் அது இடப்பக்கம் வளர்ந்திருப்பதைக் கண்டது இந்தக் கருத்துக்கு வலு சேர்த்தது. எலும்பு தன்னைச் சுற்றி நடப்பதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருக்கும் உயிருள்ள பொருள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கால்சியம் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சாப்பிட்ட கால்சியம் மிஞ்சிப்போய் வழிந்து முள்ளாவதில்லை. அந்த இடத்துச் செல்களுக்கு வளரச் சொல்லிக் கட்டளை போனால், இரத்தத்தில் எப்போதும் இருக்கும் கால்சியத்திலிருந்து அவை எடுத்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தினால் முள் குறையாது. எலும்பு மெலிவுக்காக எழுதிக் கொடுத்ததாக இருந்தால் மற்ற எலும்புகளுக்குத்தான் நஷ்டம். ஓரிடத்தில் எலும்பு கூடுதலாக இருப்பதால் உடம்பு முழுக்க எலும்பு பலமாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. இடுப்பு முள்ளெலும்புகளில் இந்த வளர்ச்சி இருந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் அந்தப் பகுதியின் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். எலும்பு மெலிவு உள்ளவருக்குக் கூட நன்றாக இருப்பதாக அறிக்கை வந்துவிடலாம். அதையும் உங்கள் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். எலும்பைக் கரைப்பதாகச் சொல்லும் வினிகர், பொடி, எண்ணெய் எதுவும் எலும்பைக் கரைப்பதில்லை. தோலையும் சதையையும் விட்டுவிட்டு உள்ளே உள்ள எலும்பை மட்டும் கரைக்கும் பொருள் கிடையாது. சூட்டு ஒத்தடமோ தைலமோ இதமாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இதம் வேறு, கரைப்பது வேறு.

அடுத்தது, உங்கள் வலிக்கு அந்த முள்தான் காரணமா என்பது. தொடக்க ஆண்டுகளில் நானும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "இதோ, இதனால்தான் வலி" என்று காட்டியிருக்கிறேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. என் எண்ணத்தை மாற்றியது ஒரு நோயாளியின் படம். இரண்டு குதிகால்களையும் எடுத்திருந்தார்கள். பெரிய முள் இடது காலில். வலி முழுவதும் வலது காலில். வேறு காரணத்துக்காகப் பாதத்தை எக்ஸ்ரே எடுத்தவர்களைப் பார்த்தால், குதிகால் வலியே இல்லாதவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு முள் இருக்கிறது. குதிகால் வலி உள்ளவர்களிலோ சுமார் பாதிப் பேருக்குத்தான் முள் தெரிகிறது. ஆக இரண்டுக்கும் உறவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதைவிட, ஒரே சுமையால் இரண்டும் வருகின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காலையில் முதல் அடியில் வரும் அந்தக் குறிப்பிட்ட வலி, இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த பட்டை எலும்பில் பிடித்துக்கொள்ளும் இடத்தில் திடீரென்று இழுபடுவதால் வருவது.

தோள்பட்டையில் இதே பாடத்தை மருத்துவ உலகம் மெதுவாகக் கற்றுக்கொண்டது. தோளின் கூரை எலும்புக்கு அடியில் வளரும் முள் தசைநாணை உரசுகிறது என்று சொல்லி, அதைச் செதுக்கும் அறுவை சிகிச்சையை 1972-ல் அமெரிக்க அறுவை நிபுணர் சார்ல்ஸ் நீர் முன்வைத்தார். பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கான தோள்களில் அதைச் செய்தார்கள். 2017-ல் பிரிட்டனில் 313 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. செதுக்கியதும் செதுக்காததும் ஒரே பலனைத் தந்தன. ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டாலும் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டே பின்லாந்து ஆய்வு ஒன்றும் செதுக்குவதால் கூடுதல் பலன் இல்லை என்றது. படத்தில் தெரிகிற எலும்பை வலியின் குற்றவாளியாக்கும் முன் யோசிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இவைதான் அடிப்படை.

இதனால் எலும்பு முள் எப்போதுமே சாதுவானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பு வெளியே வரும் துவாரத்தை அது குறுக்கினால் கை அல்லது காலில் மின்சாரம் பாய்வதுபோல வலி, மரத்துப்போதல், பலவீனம் வரும். கழுத்தில் தண்டுவடத்தையே அழுத்தினால் சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறும், நடை தள்ளாடும். இங்கே வலி குறைவாக இருப்பதால் ஆட்கள் தாமதித்துவிடுகிறார்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் பெரிதாக வளர்ந்து விழுங்குவதற்குச் சிரமம் கொடுப்பதும் உண்டு. கால் கட்டைவிரலின் மூட்டில் மேல்பக்கம் வளர்ந்து விரலை நிமிர விடாமல் தடுத்தால், அதைச் செதுக்கி எடுப்பது பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. கால்பந்து ஆடுபவர்களின் கணுக்கால் முன்புறமும் அப்படித்தான். முள் வழியை அடைக்கிறதா அல்லது நரம்பை நசுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வெறுமனே இருக்கிறது என்றால் கத்திக்கு வேலை இல்லை.

உங்கள் குதிகாலுக்கு வருவோம். உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, குதிகாலின் அடியில் உட்பக்க முன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அங்கே குறிப்பாக ஒரு புள்ளியில் சுரீர் என்றால் பட்டை பிடிக்கும் இடம்தான் தொந்தரவு என்பதற்கு நல்ல அறிகுறி. குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கும்போது அதிகம் வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போவதும் இருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு குதிகால்களிலும் வலி, இளம் வயது, காலையில் முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அது வாத வகை அழற்சியாக இருக்கக்கூடும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பட்டைதான் என்றால் முதல் வேலை, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் செய்ய வேண்டியது. அதே மாதிரி காலைத் தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து முன்னங்கால் பக்கம் பின்னுக்கு வளையுங்கள். உள்ளங்காலில் பட்டை கயிறு போல விறைத்து நிற்பதை மற்ற கையால் தடவிப் பார்த்தால் தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்து முறை. ஒரு நாளில் மூன்று வேளை. இரண்டாவது, பலப்படுத்துவது. படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து அவை மேல்நோக்கி மடங்கியிருக்கும்படி செய்யுங்கள். சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு குதிகாலை மூன்று விநாடியில் உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், பன்னிரண்டு முறை வீதம் மூன்று சுற்று. முழங்காலிலும் எலும்பு வளர்ந்திருப்பதால் முதலில் இரண்டு காலாலும் சேர்ந்து செய்து, பிறகு ஒற்றைக் காலுக்குப் போங்கள். எளிதாகிவிட்டால் தோளில் பையை மாட்டிக்கொண்டு அதில் எடையைக் கூட்டலாம். டென்மார்க்கில் சோதித்த இந்த முறை, மூன்று மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட நல்ல பலன் தந்தது. ஓராண்டு முடிவில் இரண்டும் ஏறக்குறைய சமம். செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நடையை நிறுத்த வேண்டாம், பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்பதை இருபது நிமிடமாக மூன்று தடவை. கடினமான தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பதைத் தவிர்த்து, குதிகாலில் சற்று மெத்தென்ற காலணியை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். முழங்காலுக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்துவதே முதல் சிகிச்சை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கலந்த ஜெல்லைப் பூசுவது முழங்காலுக்கு ஓரளவு உதவும். வலி மாத்திரைகளை நாள்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். வயிற்றுப் புண், சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றையும் அவை பாதிக்கும்.

குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும், ஆனால் அது நீடிப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்புண்டு. தோலுக்கு வெளியிலிருந்து அழுத்த அலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை பல மாதமாக அடங்காத வலியில் சிலருக்கு உதவுகிறது. அது முள்ளை உடைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி நன்றாகக் குறைந்தவர்களிடமும் படத்தில் முள் அப்படியே நிற்கிறது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் இந்தக் குதிகால் வலி அடங்கிவிடும். நீங்கள் ஆறு மாதத்தைக் கடந்துவிட்டீர்கள். மேலே சொன்ன பயிற்சியை இன்னும் முறையாகத் தொடங்கவே இல்லை. ஆகவே வெட்டுவது பற்றிய பேச்சுக்கு இது நேரமில்லை.

பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். இடையில் முள் குறைந்ததா என்று பார்க்க மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டாம், அது குறையாது. அதற்குப் பதிலாகக் காலையில் எழுந்ததும் எத்தனை அடி நடந்த பிறகு வலி தணிகிறது என்று எண்ணி, தினமும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். வாரத்துக்கு வாரம் அந்த எண் ஏறி இறங்கும், ஒரே சீராக இறங்காது. மூன்று மாத முடிவிலும் அது அசையவே இல்லை என்றால், அந்தத் தாளோடு போய் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயைவிட அவருக்கு அதுதான் அதிகம் சொல்லும்.